எங்கள் கட்டடத்தில் மனிதர்கள் இல்லை

சில வாரங்களாக எங்கள் அபார்ட்மென்ட் கேட்டில் ஒரு போர்டு தொங்கிக்கொண்டிருந்தது. 'இந்தக் கட்டடத்தில் இப்போது ஃப்ளூ காய்ச்சல் பரவுகிறது. மாஸ்க் போட்டு வரவும்.' தமிழ், கன்னடம், ஆங்கிலம் என்று மூன்று மொழியிலும். எழுதித் தொங்கவிட்டவர் எங்கள் செக்ரெட்டரி ஜெயசீலன்.

பிரேசர் டவுனில் எத்தனையோ போர்டு பார்த்திருக்கிறேன். நோ பார்க்கிங், நாய்கள் ஜாக்கிரதை, இங்கே குப்பை போடாதே... ஆனால் என் வீட்டில் நோய் இருக்கிறது என்று தானே முன்வந்து போர்டு வைத்த மனிதரை இப்போதுதான் பார்க்கிறேன். அதுவும் ஜெயசீலன் அண்ணன்! லிஃப்ட் ரிப்பேர் என்று எழுதி ஒட்டினாலே கட்டடத்தின் மானம் போய்விடும் என்று நினைக்கிறவர்.

அவர் எப்படி மாறினார்? எல்லாவற்றுக்கும் காரணம் மிளகாய். பொறுமையாகச் சொல்கிறேன்.

எங்கள் கட்டடத்தின் பேஸ்மென்ட்டில் எஸ்.டி.பி. இருக்கிறது. எல்லா வீட்டுக் கழிவுநீரும் அங்கே போய்ச் சேர்ந்து, சுத்தமாகி, தோட்டத்துக்கு வரும். பெங்களூர் அபார்ட்மென்ட்வாசிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மூக்கே விளக்கிவிடும். அதற்கு நேர் மேலே முதல் மாடியில் எங்கள் வீடு. இந்தப் பத்தியை எத்தனையோ வாரம் ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் எழுதியிருக்கிறேன். அந்த நாற்றத்தில் ஒரு நாள் விஞ்ஞானம் வந்து நிற்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

வந்தது நிர்மலா. தருமபுரிப் பெண், இங்கே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்க்கிறாள். அவளைக் கூட்டிவந்தவள் எங்கள் மூன்றாவது மாடி மெர்சி. மெர்சி பள்ளிக்கூட டீச்சர். அந்தப் பள்ளிக்குப் பிள்ளைகளிடம் பேச வந்த நிர்மலாவைப் பிடித்து, "எங்க பில்டிங்குக்கும் வாங்களேன்" என்று அழைத்திருக்கிறாள்.

நிர்மலாவின் ஆராய்ச்சி சாக்கடை நீரில். முகம் சுளிக்காதீர்கள்... விஷயம் சுவாரசியமானது. நம் உடம்புக்குள் ஒரு கிருமி வந்தால், தும்மலும் இருமலும் ஆரம்பிப்பதற்கு முன்பேகூட அதன் துணுக்குகள் கழிவில் வெளியேற ஆரம்பித்துவிடும். நாம் டாக்டரிடம் போகிறோமோ இல்லையோ, பாத்ரூமுக்குப் போகாமல் இருக்க முடியாதே! அதனால் ஒரு பகுதியின் கழிவுநீரை எடுத்துப் பரிசோதித்தால், ஆஸ்பத்திரியில் கூட்டம் சேர்வதற்குள் 'இங்கே ஏதோ பரவுகிறது' என்று தெரிந்துவிடும். யாருக்கு என்று தெரியாது, எல்லாம் கலந்த தண்ணீர். எங்கே என்று தெரியும். உலகின் பல நகரங்களில் இதைச் செய்கிறார்கள். பணக்கார நாடு, ஏழை நாடு என்ற வித்தியாசமில்லாத ஆராய்ச்சி இது. மூலப்பொருள் எல்லா நாட்டிலும் கிடைக்கிறது.

மெர்சிக்கு இதில் ஏன் இவ்வளவு ஆர்வம்? அவள் கணவன் பிரபு. போன வருடம் அவனுக்குச் சிறுநீரக மாற்று ஆபரேஷன் நடந்தது. கொடுத்தவள் மெர்சி. வந்த சிறுநீரகத்தை உடம்பு வெளியாளாக நினைத்து விரட்டிவிடாமல் இருக்க தினமும் மாத்திரை சாப்பிட வேண்டும். அந்த மாத்திரை எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிடும். நமக்கு மூன்று நாள் மூக்கொழுகலாக முடிகிற காய்ச்சல் அவனை ஐ.சி.யூ.வில் படுக்க வைக்கலாம். "ஊர்ல காய்ச்சல் இருக்கிற நேரத்துல கூட்டத்துக்குப் போகாதீங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் ஊரில் காய்ச்சல் இருக்கிறதா இல்லையா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? தெரியாததால் மெர்சி அவனை எங்கேயும் விடவில்லை. ஊர் சுற்றி மருந்து விற்றுக்கொண்டிருந்த ஆள், ஒரு வருடமாக பால்கனியில் நின்று எங்களுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தான்.

அசோசியேஷன் மீட்டிங்கில் மெர்சி விஷயத்தைச் சொன்னதும் ஜெயசீலன் அண்ணன் பதறிவிட்டார்.

"பாரும்மா, நாளைக்கு ஏதாச்சும் இருக்குதுன்னு வந்துச்சுன்னா? நம்ம பில்டிங் பேரு நாறிப் போயிடும். சும்னே எதுக்கு இந்தப் பேஜாரு?"

"ஏற்கெனவே நாறிக்கிட்டுதான் இருக்குண்ணே" என்றேன் நான். முதல் மாடிக்காரியின் உரிமை.

மெர்சி சண்டை போடவில்லை. "அண்ணே, கீழ காய்ச்சல் இல்லைன்னு ஒரு வார்த்தை தெரிஞ்சா நான் அவரை கேட் வரைக்குமாவது நடக்க விடுவேன்" என்றாள். அண்ணன் சரி என்றார். வாரம் ஒரு சாம்பிள், திங்கட்கிழமை காலை என்று முடிவானது.

முதல் சாம்பிளுக்கு முந்தின நாள் வாட்ஸ்அப் குரூப்பில் செக்ரெட்டரியின் அறிவிப்பு வந்தது. 'நாளை காலை நமது கழிவுநீர் பரிசோதனைக்கு எடுக்கப்படுகிறது. காய்ச்சல் உள்ளவர்கள், வயிறு சரியில்லாதவர்கள் தயவுசெய்து இன்று இரவு உறவினர் வீட்டில் தங்கவும். கட்டடத்தின் நற்பெயர் நம் அனைவரின் கையில்.'

கையில்தானா என்று நான் கேட்கவில்லை.

என் வீட்டுக்காரர் டேனியலுக்கு அன்று வயிறு சரியில்லை. கட்டடத்தின் மானத்தைக் காப்பாற்ற ஒக்கலிபுரத்தில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். தங்கை வீட்டில் பாத்ரூம் ஒன்றுதான். அவர்கள் பாடு.

அதோடு முடிந்ததா? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பேஸ்மென்ட்டில் ஒரே அமர்க்களம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உறிஞ்சு லாரி வந்து தொட்டியைக் காலி செய்தது. பின்னாலேயே தண்ணீர் டேங்கர் வந்தது. கோடையில் குடிநீர் டேங்கருக்காக நாங்கள் பக்கத்துக் கட்டடத்தோடு மல்லுக்கு நிற்கிற ஊர் இது. அந்த டேங்கர் தண்ணீரைச் சாக்கடைத் தொட்டிக்குள் திறந்துவிட்டார்கள். அப்புறம் ஒரு மூட்டையைப் பிரித்து ப்ளீச்சிங் பவுடர், கேன் கேனாக ஃபினாயில்! அண்ணன் மூக்கில் கர்சீப்பைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்று உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே இது?"

"வீட்டுக்கு ஆளு வராங்கன்னா பெருக்கித் தொடைக்க மாட்டோமா ஸ்டெல்லாம்மா?"

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? நம் ரத்தத்தில் ஊறின விஷயம் அது. இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடிப்போம். மந்திரி வருகிறார் என்றால் ரோட்டுப் பள்ளத்தை மூடுவோம். டாக்டரிடம் போகும்போதுகூட குளித்து, பவுடர் போட்டு, நல்ல சட்டை மாட்டிக்கொண்டு போய், 'ஒண்ணுமில்ல டாக்டர், லேசா நெஞ்சு வலி' என்று சொல்கிறவர்கள் நாம். சாக்கடைக்கு மேக்கப் போட்டதில் ஆச்சரியம் என்ன?

மறுநாள் யாரும் பாத்ரூம் போவதற்கு முன், விடியற்காலையிலேயே வந்துவிடச் சொல்லியிருந்தார் அண்ணன். நிர்மலா வேறு இடத்துக்குப் போயிருந்ததால் புதிதாகச் சேர்ந்த ஓர் உதவியாளர் வந்து, கம்பில் கட்டிய பாட்டிலில் தண்ணீரை மொண்டுகொண்டார். இவ்வளவு சுத்தமான எஸ்.டி.பி.யைப் பார்த்ததே இல்லை என்று பாராட்டிவிட்டுப் போனாராம். அண்ணனுக்குக் கால் தரையில் படவில்லை.

அந்த வாரக் கடைசியில் அவரே நிர்மலாவுக்குப் போன் செய்தார். ஃப்ளூ கிருமி எதுவும் கிடைக்கவில்லை, ஆனால் இன்னொரு சோதனை பாக்கி இருக்கிறது, அது முடியாமல் யாருக்கும் சொல்லாதீர்கள் என்று அவள் சொல்லியிருக்கிறாள். அண்ணன் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார். 'விஞ்ஞானப் பரிசோதனையில் நமது கட்டடம் முற்றிலும் சுத்தம்!' என்று குரூப்பில் போட்டார். கைகூப்பும் பொம்மைகள் வரிசை கட்டின. ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் எல்லோருக்கும் மட்டன் பிரியாணி, நிர்மலாவுக்குச் சால்வை என்றும் அறிவித்தார்.

மெர்சி அந்த மெசேஜைத் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறாள். சனிக்கிழமை என்னிடம் வந்து, "அக்கா, அவரைக் கூட்டிட்டு வரலாம்னு இருக்கேன்" என்றாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். அந்தச் சந்தோஷத்தில் டேங்கர் தண்ணீர் என் நினைவுக்கே வரவில்லை.

ஞாயிறு மதியம் பிரபு மொட்டை மாடிக்கு வந்தான். புதுச் சட்டை. ஒரு வருடத்தில் இளைத்துப்போன தோளில் அது கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. எல்லோரும் கை தட்டினோம். பிள்ளைகள் ஓடிப்போய் அவனைச் சுற்றிக்கொண்டார்கள். அதில் ஒன்றிரண்டுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

பிரியாணி அண்டாவைத் திறக்கிற நேரத்தில் நிர்மலா வந்தாள். முகத்தில் மாஸ்க். ஜெயசீலன் அண்ணன் சால்வையை உதறிக்கொண்டு முன்னால் போனார்.

"சால்வை இருக்கட்டும் அங்கிள். நீங்கள்லாம் மிளகா சாப்பிடுவீங்கதானே?"

கூட்டம் சிரித்தது. அண்டாவின் வாசனை அந்தத் தெரு முனை வரை போய்க்கொண்டிருக்கிறது, ரைத்தாவில் பச்சை மிளகாய் மிதக்கிறது... இது என்ன கேள்வி?

நிர்மலா விளக்கினாள். மிளகாய்ச் செடியைத் தாக்குகிற ஒரு வைரஸ் இருக்கிறது. மனிதர்களை ஒன்றும் செய்யாது. மிளகாய், மிளகாய்த்தூள், சாஸ் என்று எது சாப்பிட்டாலும் நம் வயிற்றுக்குள் போய், சேதமில்லாமல் வெளியே வந்துவிடும். உலகத்தில் மனிதர்களின் சாக்கடை எங்கே இருந்தாலும் அநேகமாக அங்கே அது இருக்கும். அதனால் எந்த சாம்பிளிலும் அதையும் தேடுவார்கள். அது இருந்தால் மனிதர்கள் பயன்படுத்திய தண்ணீர் என்று அர்த்தம், மற்ற சோதனைகளை நம்பலாம்.

"உங்க சாம்பிள்ல அது துளிகூட இல்ல அங்கிள். எங்க டெஸ்ட்டுப்படி இந்தக் கட்டடத்துல மனுஷங்களே இல்ல."

மொட்டை மாடியே குலுங்கியது. டேனியல், "அப்போ பிரியாணி யாருக்கு?" என்றார். அண்ணனும் வேறு வழியில்லாமல் சிரித்தார்.

மெர்சி மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"நிர்மலா, அப்போ கீழ காய்ச்சல் இருக்கா, இல்லையா?"

"தெரியலக்கா. அதான் பிரச்சனை. இருந்தா இருக்குன்னு சொல்லிடுவேன். இல்லேன்னா இல்லேன்னு சொல்லிடுவேன். தொட்டியைக் கழுவிட்டா நான் எதைப் பார்த்துச் சொல்றது?"

மெர்சி அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. "உங்க மெசேஜை நம்பித்தாண்ணே இவரைக் கூட்டிட்டு வந்தேன்" என்றாள். அவ்வளவுதான். பிரபுவின் கையைப் பிடித்தாள். பிள்ளைகள் நடுவிலிருந்து அவன் எழுந்து வந்தான். "வாசனை பார்த்துட்டேன், போதும்" என்று எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் படியிறங்கினான். ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. புதுச் சட்டை மடிப்புக்கூடக் கலையவில்லை. அன்று அந்தப் பிரியாணி யாருக்கும் இறங்கவில்லை.

எனக்கு அண்ணன் மேல் பயங்கரக் கோபம். நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிடலாம் என்றுதான் போனேன். அவர் தண்ணீர்த் தொட்டி நிழலில், சால்வையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கேட்பதற்குள் அவரே பேசினார்.

"கொரோனா டைம்ல நாங்க வேற ஏரியாவுல வாடகைக்கு இருந்தோம் ஸ்டெல்லாம்மா. எனக்கு லேசா காய்ச்சல். மறைக்கக் கூடாதுன்னு நானே போன் போட்டுச் சொன்னேன். மறுநாள் வந்து வாசலுக்குத் தகரம் அடிச்சாங்க. ஆணி வெச்சு. உள்ள நாங்க ரெண்டு பேரு. வருஷக்கணக்கா எங்க வீட்ல சாப்ட்டவங்கோ, எதிர்ல நின்னு வீடியோ எடுத்துக்கினு இருந்தாங்கோ. காய்ச்சல் போயிடுச்சு. தகரத்தையும் எடுத்துட்டாங்க. ஆனா நாங்க தெருவுல நடந்தா அந்தப் பக்கம் ஒதுங்கிப் போறது மட்டும் நிக்கவே இல்ல. அதான் வீட்டையே மாத்திக்கினு இங்க வந்தேன். இந்த பில்டிங்குக்கும் அப்படி ஆயிடுமோன்னு..."

நான் முட்டாள்தனம் என்று நினைத்தது பயம். உண்மையைச் சொல்லி அடி வாங்கின மனிதனின் பயம்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். அண்ணன் மட்டும்தானா? சில வருடங்களுக்கு முன் தூரத்து நாடு ஒன்றின் விஞ்ஞானிகள் கொரோனாவின் புது உருமாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள். மறைக்கவில்லை, உடனே உலகத்துக்கு அறிவித்தார்கள். உலகம் என்ன செய்தது? பாராட்டிவிட்டு, அந்தப் பக்கத்து விமானங்களை நிறுத்தியது. அதுவும் தகரம்தானே? அடித்தவர்கள் பெரிய பெரிய நாடுகள், அதனால் ஆணி சத்தம் நமக்குக் கேட்கவில்லை. இதைப் பார்த்த பிறகு எந்த நாடு அடுத்த முறை வாய் திறக்கும்? பேசாமல் ப்ளீச்சிங் பவுடரைத்தான் தேடும். என்னைக் கேட்டால் எல்லா அரசாங்கத்தின் குடோனிலும் ஒரு மூட்டை இருக்கிறது. சாவுக் கணக்கு, காற்று மாசு, ஆற்று நீர் என்று எங்கே அளவெடுக்க ஆள் வந்தாலும் முந்தின நாள் சாயங்காலம் மூட்டை பிரிக்கப்படுகிறது.

விஞ்ஞானம் அதன் வேலையைப் பிரமாதமாகச் செய்துகொண்டிருக்கிறது. ஒரு பாட்டில் சாக்கடையிலிருந்து ஒரு நகரத்துக்கு வரப்போகிற ஜுரத்தைச் சொல்கிறது. இதைவிட என்ன வேண்டும்? பாக்கி இருப்பது நம் வேலை. உண்மையைச் சொன்னவன் வாசலில் தகரம் அடிக்காமல் இருப்பது. அந்த ஒன்று நடக்காவிட்டால் எத்தனை லேப் கட்டினாலும் அது டேங்கர் தண்ணீரைத்தான் பரிசோதித்துக்கொண்டிருக்கும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்த சாம்பிளுக்கு முந்தின நாள் குரூப்பில் செக்ரெட்டரியின் அறிவிப்பு இப்படி இருந்தது. 'நாளை பரிசோதனை. அனைவரும் வழக்கம்போல் இருக்கவும்.' இவ்வளவு நல்ல அறிவிப்பை எந்தச் செக்ரெட்டரியும் எழுதியதில்லை. டேனியல் இம்முறை வீட்டிலேயே தங்கினார்.

முடிவு வந்தது. மிளகாய் வைரஸ் அமோகம். கூடவே ஃப்ளூவும். ஏறிக்கொண்டிருக்கிறது, ஜாக்கிரதை என்றாள் நிர்மலா. கட்டடத்தில் அதுவரை படுத்த படுக்கையாக யாரும் இல்லை.

கமிட்டியில் ஒருவர், "குரூப்போட வெச்சுக்கலாம் சார். வெளிய தெரிஞ்சா யாரும் வாடகைக்கு வர மாட்டாங்க" என்றார். ஜெயசீலன் அண்ணன் நேராகக் கடைக்குப் போனார். பெயிண்ட்டும் பிரஷ்ஷும் வாங்கி வந்து, போர்டு எழுதி, ஸ்டூல் போட்டு ஏறி, தன் கையாலேயே கேட்டில் கட்டினார். போட்ட முடிச்சை அவிழ்த்து மறுபடியும் போட்டார். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான், அதனால் தெரியும்.

அப்புறம் அங்கேயே செக்யூரிட்டி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். யார் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகப்போகிறார்கள் என்று பார்க்கத்தான், வேறெதற்கு?

கீரைக்காரம்மா படித்துவிட்டு, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு உள்ளே வந்தார். பீட்சா கொண்டுவந்தவர் பாக்கெட்டிலிருந்து மாஸ்க்கை எடுத்து மாட்டிக்கொண்டார். சாயங்காலம், தண்ணீர் டேங்கருக்காக எங்களோடு மல்லுக்கு நிற்கிற பக்கத்துக் கட்டடத்துச் செக்ரெட்டரி ரியாஸ் பாய் வந்து போர்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அண்ணன் எழுந்து நின்றுவிட்டார்.

"ஜெயசீலன் சாப், அந்தப் பொண்ணு நம்பர் குடுங்க. எங்களுக்கும் பார்ப்பாங்களா? எங்க வீட்ல அம்மாக்கு ஆஸ்துமா."

அவ்வளவுதான். தகரத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தவரிடம் போன் நம்பர் கேட்டார்கள். அண்ணன் நம்பரைத் தேடும் சாக்கில் போனையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே கட்டடத்தில் ஒவ்வொரு வீடாக இருமல் கிளம்பியது. மொட்டை மாடியில் மூக்கொழுகிய பிள்ளைகளில் ஆரம்பித்து, கடைசியில் டேனியல் வரை. கஷாயம் வைத்து வைத்து எனக்கு அலுத்துவிட்டது. ஆனால் இருமுகிறவர்கள் லிஃப்ட்டில் ஏறவில்லை. டேனியல்கூட மூச்சு வாங்கப் படியேறினார். மூன்றாவது மாடிக் கதவு மட்டும் சாத்தியே இருந்தது. மெர்சி பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு உள்ளேயே இருந்தாள். பிரபுவை அந்தக் காய்ச்சல் தொடவில்லை.

போர்டு எப்போது இறங்கியது? போன ஞாயிறு. இரண்டு சாம்பிள்களாகக் கிருமி குறைந்து, கடைசியில் இல்லவே இல்லை என்று வந்துவிட்டது. இந்த முறை மிளகாயை நன்றாகச் சரிபார்த்த பிறகுதான் அண்ணன் குரூப்பில் போட்டார். டாக்டரும் சரி என்றார்.

போர்டை அவிழ்க்க அண்ணன் ஸ்டூலோடு போனபோது கேட்டில் பிரபு நின்றுகொண்டிருந்தான். அதே புதுச் சட்டை. "நான் எடுக்கறேன் சார்" என்று தானே கயிற்றை அவிழ்த்தான். அண்ணன் அன்றைக்கு மடியில் வைத்திருந்த சால்வையைக் கொண்டுவந்து அவன் தோளில் போட்டார்.

மறுபடியும் பிரியாணி, நிர்மலாவும் வந்திருந்தாள். மொட்டை மாடி, காற்றோட்டம், எல்லோரும் கொஞ்சம் தள்ளித் தள்ளி. ஒரு வருடமாகக் காரமே இல்லாமல் சாப்பிட்ட பிரபு, ரைத்தாவிலிருந்த பச்சை மிளகாயை எடுத்து ஒரு கடி கடித்தான். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. மெர்சி தண்ணீர் டம்ளரோடு ஓடிவந்தாள். அவன் டம்ளரை வாங்காமல் நிர்மலாவைப் பார்த்துச் சொன்னான்.

"நாளைக்கு சாம்பிள்ல என்னையும் சேர்த்துக்கம்மா."

சேர்த்துவிட்டாள். எங்கள் கட்டடத்தில் மனிதர்கள் இருக்கிறார்கள் — கொஞ்சம் காரமாகவே!